மேற்கு ஓர உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடலாமா? முருங்கை, புடலையில் காய்ப்பு குறையுமா?

ராதாபுரம் விளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராதாபுரத்துக்கும் வள்ளியூருக்கும் நடுவில் எங்களுக்கு நாலு ஏக்கர் செம்மண் விளை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர், சொட்டுநீர் போட்டிருக்கிறோம். இரண்டரை ஏக்கரில் பி.கே.எம்-1 ரக முருங்கை, முக்கால் ஏக்கரில் புடலைப் பந்தல், மீதியில் கத்தரியும் கொஞ்சம் உளுந்தும். அப்பாவுக்குப் பிறகு நானும் சென்னையில் இருக்கும் அண்ணனும் பார்க்கிறோம். வேலை பார்ப்பது நான், யோசனை சொல்வது அவன்.

பிரச்சினை மேற்கு எல்லை வேலி. தாத்தா காலத்தது. கிளுவையும் திருகுகள்ளியும்தான் அதிகம். நடுவே நாலைந்து உடைமரம், இலந்தை, ஒரு வேம்பு. எல்லாவற்றின் மேலும் கோவை, வேலிப்பருத்தி, பிரண்டை என்று ஏறிக் கிடக்கிறது. இரண்டு ஆள் உயரம், சில இடத்தில் பன்னிரண்டு அடி அகலம். சர்வேயர் வந்து அளந்தபோது வேலி மட்டும் எட்டு சென்ட் தின்றிருப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அண்ணன் விட மாட்டேன் என்கிறான். ஜேசிபி பேசியாகிவிட்டது. வேரோடு எடுத்துவிட்டுக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்க வேண்டும், மயிலும் பன்றியும் பாம்பும் அதற்குள்தான் இருக்கிறது என்பது அவன் கட்சி.

எனக்கு ஒரு தயக்கம். வெளிநாடுகளில் வயல் ஓரத்து வேலியையும் சின்னச் சின்னக் காடுகளையும் விட்டுவைத்தால் தேனீயும் மற்ற பூச்சிகளும் பெருகி விளைச்சல் கூடுகிறது என்று வாசிக்கிறேன். அதெல்லாம் குளிர் நாட்டுச் சமாச்சாரம். நம்ம ஊர் முள்வேலிக்கு, நம்ம பயிருக்குப் பொருந்துமா? இல்லை, வேலியை எடுத்துவிட்டு நாலு தேன்பெட்டி வாங்கி வைத்தால் சரியாகிவிடுமா? அடுத்த வாரம் வண்டி வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டு வாழை எழுதியது:

எடுத்துவிடுங்க தம்பி. நான் எடுத்துப் பல வருசம் ஆச்சு. சுற்றிலும் கம்பி, தோட்டம் கண்ணாடி மாதிரி இருக்கு. விளைச்சலில் ஒரு குலை குறையவில்லை. தேனீ, வண்டு எல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் கவலை. எட்டு சென்ட் உங்களுக்குச் சும்மா கிடைக்குது, இதில் என்ன யோசனை?

கடையம் தோட்டக்காரி எழுதியது:

களக்காட்டு அண்ணாச்சி சொல்வது அவர் பயிருக்குச் சரி. வாழைக்கு எந்தப் பூச்சியும் வந்து மகரந்தம் வைக்க வேண்டியதில்லை, அதனால்தான் பழத்தில் விதையே இல்லை. நெல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். உளுந்தும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் தம்பி வைத்திருப்பது முருங்கை, புடலை, கத்தரி. இந்த மூன்றும் வெளியாள் வேலைக்கு வரவேண்டிய பயிர்கள், அதுவும் மூன்றுக்கும் மூன்று வேறு ஆள். வாழைத் தோட்டத்துக் கணக்கை இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள் அண்ணாச்சி.

நான் கடையம் பக்கம். 2019ல் தென்காசி மாவட்டம் என்று பலகையை மாற்றிவிட்டார்கள், இன்னும் திருநெல்வேலி என்றுதான் வாயில் வருகிறது. எலுமிச்சை, கத்தரி, பீர்க்கு போடுகிறோம். காய் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகும். தோட்டத்துக்கு மேற்கே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் சாஸ்தா கோயில் காடு. பங்குனி உத்திரத்துக்குத்தான் அங்கே ஆள் கூடும், மற்ற நாளில் ஒருவரும் ஒரு கம்பு ஒடிக்க மாட்டார்கள். அந்தக் காட்டிலிருந்தும் ஓடைக்கரைப் புதரிலிருந்தும் என் தோட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

முதலில் முருங்கை. பூவில் சின்னத் தேனீ, ஈ, பட்டாம்பூச்சி எல்லாம் மொய்க்கும். ஆனால் காரியம் முடிப்பது கருவண்டு. பெரிசாக, கன்னங்கரேலென்று, சிறகில் நீலமும் ஊதாவும் மின்ன, உறுமிக்கொண்டு வருமே அதுதான். வண்டு என்கிறோமே தவிர அதுவும் தேனீ இனம். ஆந்திராவில் முருங்கைப் பூவைக் கவனித்து ஆராய்ந்தவர்களும் நம்பத்தகுந்த வேலையாள் இதுதான் என்று 1990லேயே எழுதியிருக்கிறார்கள். இது கூட்டமாகப் பெட்டியில் அடங்காது. ஒவ்வொரு பெண்ணும் தனியாகக் காய்ந்த மரத்தில் விரல் நுழையும் அளவு துளை போடும். உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிடும். பழைய வீட்டுப் பனங்கையில் துளை போட்டு மரத்தூள் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தில் அதற்கு வீடு எது? உங்கள் வேலியில் பட்டுப்போன உடைக்கிளையும் காய்ந்த கட்டையும்தான். கல்தூணில் எங்கே போய்த் துளை போடும்?

கத்தரிப் பூவை உற்றுப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் கூம்பு நிற்கும், அதுதான் மகரந்தப்பை. மற்ற பூக்களில் பை பிளந்து தூள் வெளியே கிடக்கும். இதில் அப்படி இல்லை, நுனியில் ஊசித்துளை மட்டும் இருக்கிறது. குலுக்கினால்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அதைச் செய்வது வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு தேனீ. பூவைக் கட்டிக்கொண்டு, சிறகை விரிக்காமல் நெஞ்சை மட்டும் அதிரவிடும். பறக்கிற சத்தம் வேறு, இந்தச் சத்தம் வேறு. மெலிசாக, சுருதி ஏறிக் கேட்கும். அந்த அதிர்வில் தூள் அதன் மேலேயே கொட்டும். கருவண்டுக்கும் இது தெரியும். கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், காற்று ஆட்டினாலும் ஓரளவு பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவை வந்துபோன செடியில் காய்ப்பிடிப்பும் காயின் பருமனும் வேறு. நீலக்கோட்டுத் தேனீ வரப்புச் சரிவிலும் மண்சுவரிலும் துளை போட்டுக் குஞ்சு வளர்க்கும். அதில் ஆணுக்கு வீடே கிடையாது. பொழுது சாயும்போது வேலி ஓரம் போய்ப் பாருங்கள், காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் செத்துக் காய்ந்த பூச்சி என்று நினைப்பார்கள்.

புடலை இன்னொரு உலகம். வெள்ளைப் பூ, ஓரமெல்லாம் நூல் நூலாக. பொழுது அடைந்த பிறகுதான் விரியும், மறுநாள் வெயில் ஏறுமுன் வாடிவிடும். அந்த வெள்ளையும் வாசனையும் ராத்திரி வருகிற அந்துப்பூச்சியைக் கூப்பிடத்தான். விளக்கைச் சுற்றுகிற சின்ன விட்டிலோடு, பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடியே நீளக் குழாயை நீட்டிக் குடிக்கிற பெரிய அந்தும் வரும். சுரையும் இதே கதை. பீர்க்கு மஞ்சள் பூதான், ஆனாலும் சாயங்காலம்தான் மலரும். பாகலும் பூசணியும் விடியலில் விரிவதால் தேனீ பார்த்துக்கொள்ளும். இந்தப் பெரிய அந்துகளின் புழு எதைத் தின்கிறது தெரியுமா? ஒரு இனம் பிரண்டைக் கொடியை, இன்னொன்று அரளியை. தின்று முடித்து, மண்ணுக்குள்ளோ சருகுக்கடியிலோ போய்க் கூட்டுப்புழுவாகும். உழுகிற நிலத்தில் அது பிழைக்குமா? உழாத, கொத்தாத, தீ வைக்காத இடம் உங்கள் நாலு ஏக்கரில் அந்த எட்டு சென்ட்தான்.

அப்புறம் சாப்பாடு. எல்லோரும் பயிர் பூக்கிற மாதத்தை மட்டும் பார்க்கிறார்கள். முருங்கை பூக்கும்போது எந்தப் பூச்சிக்கும் பஞ்சமில்லை. பூக்காத மாதத்தில் அவை எதைத் தின்று உயிரோடிருக்கும்? சித்திரை பிறக்கும்போது வேம்பும் புங்கையும். அது முடிவதற்குள் புளி. ஆவணி வாக்கில் வெள்வேல், புரட்டாசியில் இலந்தை. இலந்தைப் பூ நமக்கு நாற்றம், ஈக்கும் குளவிக்கும் கல்யாணச் சாப்பாடு. அந்த ஈயில் ஒரு வகை, குஞ்சாக இருக்கும்போது அசுவினியைத் தின்று தீர்க்கும், அது உங்களுக்கு வேறு லாபம். ஐப்பசி மழைக்குப் பிறகு தும்பை, துத்தி, நெருஞ்சி, வேலியில் ஏறுகிற கொடிகள். எருக்கு வருசம் முழுக்க. ஆவாரையில் தேன் கிடையாது, ஆனால் மகரந்தம் அள்ளலாம். கருவண்டு ஆவாரையில் மகரந்தமும் எருக்கில் தேனும் எடுத்துக் காலத்தை ஓட்டும். இந்த வரிசையில் ரெண்டு மாதம் ஓட்டை விழுந்தாலும், முருங்கை பூக்கும்போது கூப்பிட ஆள் இருக்காது. சின்னத் தேனீக்கள் வீட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. பக்கத்து ஊரில் காடு இருக்கிறதே என்று அவற்றிடம் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் பெரிசாகப் படுகிறது. உங்கள் வேலி மேற்கில் இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று அந்தப் பக்கம்தான் வருகிறது. அந்தக் காற்றில் தேனீ பறக்காது, பறந்தாலும் பூவில் உட்கார முடியாது. முருங்கைக் கிளை சும்மாவே முறியும். உயிர்வேலி காற்றை மறிக்காது, சலித்து அனுப்பும். வேலியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அந்தத் தணிவு இருக்கும். முள்கம்பி எந்தக் காற்றைத் தடுக்கும்? எந்தப் பக்கத்து வேலியை வேண்டுமானாலும் எடுங்கள், மேற்கை எடுக்காதீர்கள்.

மார்த்தாண்டம் பெட்டித்தேன் எழுதியது:

தேன்பெட்டி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அக்கா சொன்னது நியாயம். வேலிக்குப் பதில் பெட்டி என்பது நடக்காது.

எங்கள் பெட்டிகளில் இருப்பது அடுக்குத் தேனீ, அடுக்கடுக்காக அடை கட்டுகிற நாட்டு இனம். தை பிறந்து ரப்பர் புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும், பூவில் இல்லை. அந்த மூன்று மாதம் எங்களுக்கு அறுவடை. அது முடிந்து மழை பிடித்துவிட்டால் சீனிப்பாகு காய்ச்சி ஊற்றித்தான் கூட்டத்தைக் காப்பாற்றுகிறோம். உங்கள் ராதாபுரம் பக்கம் ஆனி ஆடிக் காற்றில், சுற்றிலும் பூவில்லாத இடத்தில் பெட்டி வைத்தால் ஒரு நாள் காலையில் திறந்து பார்க்கும்போது வெறும் அடை மட்டும் இருக்கும். இந்த இனம் பசி வந்தால் கூட்டோடு கிளம்பிவிடும். வேலி இருக்கிற தோட்டத்தில் பெட்டி நிற்கும், இல்லாத தோட்டத்தில் நிற்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று. 1991, 92ல் தாய்லாந்து சாக்புரூடு என்று ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது. புழு பைபோல வீங்கிச் சாகும். எங்கள் ஊரில் பெட்டியை விறகாக எரித்தவர்கள் உண்டு. பிறகு எதை வைத்துத் தொழிலை மீட்டோம்? மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் பாழுங்கிணற்றிலும் தப்பியிருந்த காட்டுக் கூட்டங்களைப் பிடித்து வந்துதான். பெட்டிக்கு மூலதனமே வேலியும் காடும்தான்.

வேலியில் கொம்புத்தேன் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை, ஒரு குச்சியைச் சுற்றிக் கட்டியிருக்கும். அது பெட்டியில் தங்காத இனம், புதரின் நிழல் இருந்தால்தான் கட்டும். அது இருந்தால் உங்களுக்குச் சம்பளமில்லாத ஆள் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

ராதாபுரம் விளை எழுதியது:

அக்கா, அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலமே வேலிப் பக்கம் போய்ப் பார்த்தேன். கொம்புத்தேன் இருக்கிறது, இலந்தைக்குள்ளே. குச்சியைக் கவ்வித் தூங்குகிற ஆள்களும் இருக்கிறார்கள்! படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். “சரி, மயிலுக்கு என்ன பதில்?” என்று கேட்கிறான்.

அவன் கேட்கச் சொன்னது இவை. ஒன்று, மயிலும் பன்றியும். இரண்டு, புடலையில் கோணக்காய் நிறைய வருகிறது. பூச்சி வரத்து ஏற்கெனவே இல்லை என்றுதானே அர்த்தம், பிறகு வேலி இருந்து என்ன பிரயோசனம்? மூன்றாவது என் கேள்வி. தேனீக்குக் கெடுதல் வராமல் இருக்க மருந்தைச் சாயங்காலம் அடிக்கச் சொல்கிறார்கள். புடலைப் பூ சாயங்காலம்தானே விரிகிறது?

கடையம் தோட்டக்காரி எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. முருங்கைக்கும் கத்தரிக்கும் பொழுது சாய்ந்து அடிப்பது சரி, தேனீ வீட்டுக்குப் போயிருக்கும். புடலை, சுரை, பீர்க்குக்கு அதே விதியைப் பிடித்தால் அந்து வருகிற நேரத்தில் பூவில் மருந்து ஈரமாக நிற்கும். பூக்கிற நாளில் பந்தலுக்கு மருந்தே வேண்டாம் என்று இருப்பதுதான் நல்லது. அடித்தே ஆகவேண்டிய நிலைமை வந்தால் காலையில் பூ வாடிய பிறகு, காற்று எழும்புமுன் அடியுங்கள், பொழுது அடைவதற்குள் காய்ந்துவிடும். அந்த நேரம் கத்தரியில் தேனீ இருக்கும், அதனால் காற்றுத் திசை பார்த்து, பந்தலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேலி மேல் ஒரு சொட்டு படக்கூடாது. சிலர் மிச்ச மருந்தை வேலியில் அடித்துத் தீர்ப்பார்கள், பார்க்கும்போதே வயிறெரியும்.

கோணக்காயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈ வேலை, மகரந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புழு இல்லாமல், வளைந்த பக்கத்தில் விதை சூம்பி, மறுபக்கம் விதை திரண்டிருந்தால் மகரந்தம் பற்றவில்லை. விதை பிடித்த பக்கம் பருக்கிறது, பிடிக்காத பக்கம் இழுக்கிறது. நம்மவர்கள் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கல் காயை நிமிர்த்தும், விதையைக் கொண்டுவராது. பழ ஈ என்றால் வேலிக்கும் அதில் பங்கு உண்டு, ஒளிக்கவில்லை. உங்கள் வேலியில் ஏறியிருக்கிற கோவைப் பழத்திலும் அதே ஈதான் முட்டை போடும். பந்தல் பக்கமாக இருக்கிற கோவைக் கொடியை மட்டும் அறுத்து இழுத்துவிடுங்கள், விழுந்த காயைப் பொறுக்கிக் குழியில் மூடுங்கள், வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கிற கியூலூர் பொறி கட்டுங்கள். மாந்தோப்பில் கட்டுகிற மெத்தில் யூஜினால் பொறி இந்த ஈயை இழுக்காது, கடையில் அதைக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

வேலியால் வேறு தொல்லையும் உண்டு. வேலியோரம் நாலைந்து அடிக்குப் பயிர் சவலையாகத்தான் இருக்கும், வேர் தண்ணீரை இழுக்கும். துத்தியில் மாவுப்பூச்சி வந்து குடியிருக்கும். 2008ல் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்து ஆட்டம் போட்டதே, அப்போது வேலியோரத்துக் களையெல்லாம் வெள்ளையாக நின்றது. வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதனால் வேலி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வளர விடுவது இல்லை. பார்த்துப் பார்த்துக் கழிப்பது.

மயில்: வேலியை எடுத்தால் மயில் ஊரைவிட்டுப் போகாது. கல்தூண் மேல் ஏறி உட்கார்ந்து, தோட்டம் முழுக்கத் தெரிகிறது என்று சந்தோசப்படும். பன்றி பகலில் கிடப்பது குளத்துச் சீமைக் கருவேலக் காட்டில். உங்கள் கிளுவை வேலி அதற்குப் போதாது. கம்பி வேண்டும் என்றால் வேலிக்கு உள்பக்கம், ஒட்டினாற்போல் இழுங்கள். வேலியும் இருக்கும், பன்றியும் நிற்கும், செலவு அதே செலவு.

ஜேசிபியைப் பற்றி ஒரு வார்த்தை. 2017ல் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்த சமயம் எங்கள் பக்கம் வண்டிக்காரர்கள் அதோடு வெள்வேல், உடை, விடத்தலை எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிவிட்டுப் போனார்கள். முள் இருந்தால் எல்லாம் ஒன்றுதான் அவர்களுக்கு. வண்டி வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

நார்ஃபோக் நெல்லைக்காரன் எழுதியது:

சொந்த ஊர் அம்பாசமுத்திரம், இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக். தம்பி வாசித்த “குளிர் நாட்டுச் சமாச்சாரம்” இங்கேதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய டிராக்டர் திரும்ப இடம் வேண்டும் என்று இங்கே வேலிகளை மைல் கணக்கில் பிடுங்கினார்கள். பிடுங்க அரசாங்கமே மானியம் கொடுத்தது. பிறகு அதே அரசாங்கம், கிராமப்புற வேலியை எடுக்குமுன் உள்ளாட்சிக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்று 1997ல் விதி கொண்டுவந்தது. இப்போது நடுவதற்கு மானியம் கொடுக்கிறார்கள். நாம் அந்த வட்டத்தை முழுசாகச் சுற்றித்தான் வரவேண்டுமா என்று தோன்றும்.

செடிதான் வேறு, கணக்கு அக்கா சொன்ன அதே கணக்கு. குளிர் விடுகிற மார்ச்சில் வில்லோ மரம் பூக்கும், தூங்கி எழுந்த பம்பிள் தேனீ ராணிக்கு அதுதான் முதல் சாப்பாடு. அப்புறம் பிளாக்தார்ன், ஹாதார்ன் என்ற வேலி முள்மரங்கள், கோடையில் பிராம்பிள் முட்புதர், எல்லாம் முடிந்த இலையுதிர் காலத்தில் ஐவிக் கொடி. ராணி கூடு கட்டுவது பெரும்பாலும் வேலியடியில் எலி விட்டுப்போன பழைய வளையில். ஒன்று மட்டும் நமக்கும் உதவும். ஹாதார்ன் போன வருசத்துக் கிளையில்தான் பூக்கும். வருசா வருசம் இயந்திரம் வைத்துச் சீராக வெட்டினால் பச்சையாக நிற்கும், பூக்காது. அதனால் வேலியை மூன்று பங்காக்கி வருசத்துக்கு ஒரு பங்கு வெட்டச் சொல்கிறார்கள்.

இங்கிலாந்து வேண்டாம், வெயில் நாட்டு ஆதாரம் வேண்டும் என்று உங்கள் அண்ணன் கேட்டால் கோஸ்டாரிகா காப்பித் தோட்ட ஆய்வைச் சொல்லுங்கள், 2004ல் வெளியானது. நம்மைப் போலவே பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு. காட்டுத்துண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த காப்பியில் விளைச்சல் 20 சதவீதம் கூடுதல். காட்டிலிருந்து வந்த தேனீக்கள்தான் காரணம் என்று கண்டார்கள். காப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கிற பயிர், அதற்கே இப்படி.

களக்காட்டு வாழை எழுதியது:

நான் ஒரு வரி எழுதினேன், நீங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதிவிட்டீர்கள். வாழைக்குத் தேனீ வேண்டாம் என்பது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பன்றி விஷயத்தில் அக்கா சொன்னதை நான் நம்பவில்லை. எங்கள் மலையடிவாரத்துப் பன்றி கிளுவை, கள்ளி என்று பார்த்து வருவதில்லை. கம்பியை உள்பக்கம் போட்டால் அடிக்கம்பி தரையை ஒட்டி இருக்கட்டும் தம்பி, அது மூக்கை விட்டுக் கிளப்பிவிடும்.

ராதாபுரம் விளை எழுதியது:

அண்ணாச்சி, அடிக்கம்பி விஷயம் குறித்துக்கொண்டேன்.

கோணக்காயைப் பிளந்து பார்த்தேன். பாதிக்கு மேல் புழு. மீதியில் அக்கா சொன்ன மாதிரி ஒரு பக்கம் விதை சூம்பியிருந்தது, அதுவும் வேலியிலிருந்து தள்ளி, கிழக்குக் கோடிப் பந்தலில்தான் அதிகம். நாலு காயைப் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்லக்கூடாது என்று தெரியும். ஆனால் அண்ணனுக்கு அதைச் சொன்னதும் சத்தம் குறைந்துவிட்டது. மேற்கு வேலி இப்போதைக்கு இருக்கும், கம்பி உள்ளே ஒட்டி. ஜேசிபி வருவது வரட்டும், வடகிழக்கு மூலையில் ஒரு சீமைக் கருவேலப் புதர் இருக்கிறது, அதை மட்டும் எடுக்கச் சொல்லப் போகிறேன்.

அந்த மூலையில் கருவேலம் போன இடத்தைச் சும்மா விடாமல் ஆவாரையும் நொச்சியும் போட நினைக்கிறேன். கிழக்குப் பந்தலுக்கும் அது பக்கம். ஆவாரை விதை தெளித்தால் முளைக்குமா அக்கா? கிளுவைப் போத்து, அதான் நடுவதற்கு வெட்டுகிற கிளை, எப்போது ஊன்றுவது?

கடையம் தோட்டக்காரி எழுதியது:

ஆவாரை நெற்று உங்கள் ஊர் ரோட்டோரத்திலேயே காய்ந்து கிடக்கும், காசு கொடுத்து வாங்காதீர்கள். விதைத்தோல் கெட்டி, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அப்படியே ஆறவிட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துத் தெளித்தால் முளைப்பு நன்றாக இருக்கும். நொச்சி விதை வேண்டாம், கட்டைவிரல் தடிமனில் குச்சி வெட்டி ஊன்றினால் போதும், ஆடு வாய் வைக்காது. கிளுவைப் போத்தை வெட்டி நிழலில் சில நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு ஊன்றுங்கள், ஈரத்தோடு ஊன்றினால் அழுகும். எல்லாவற்றுக்கும் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி மழைக்கு முன்னே.

கருவேலத்தின் தூர் மண்ணுக்குள் இருந்தால் மறுபடி துளிர்க்கும், வண்டிக்காரரிடம் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். தோண்டிய மண்ணில் ஒரு பக்கம் சரிவாக, புல் மூடாமல் ஒரு கரை விட்டு வையுங்கள், நீலக்கோட்டுக்காரர்கள் வந்து துளை போட. வேலியில் பட்டுப்போன உடைக்கிளையை விறகுக்கு யாரும் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

பன்றி பற்றி அண்ணாச்சி சொன்னதும் சரிதான், எங்களுக்கும் மலையடிவாரம்தான். கம்பி போட்டு ஒரு மாதம் கழித்து எழுதுங்கள், யார் சொன்னது சரி என்று பார்ப்போம்.